பெட்டகத்தில் ‘காவெட்டி’ என்று வெட்டியிருக்கிறது. அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது?

ஊசிநூல்:

வணக்கம். கல்முனையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன், வீடு பாண்டிருப்பு. சரித்திரம், கல்வெட்டு எல்லாம் எனக்குத் தூரம். ஒரு பெட்டகம்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அது அம்மாவின் மரப் பெட்டகம். போன வருடம் கோட்டைக்கல்லாற்று வீட்டைத் திருத்தத் தொடங்கியபோது, “இது உனக்குரியதுதானே, இப்பவே கொண்டு போ” என்று அனுப்பிவிட்டார். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்தோம். இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. நீளம் 50 அங்குலம், அகலம் 23, உயரம் காலோடு சேர்த்து 27. தையல்காரி அளந்தது, பிழைக்காது. முகப்பில் நடுவே எட்டு இதழ்ப் பூ ஒன்று. உள்ளே இடது பக்கம் நகை வைக்க ஒரு சின்னத் தட்டு. என்னிடம் வந்த நாளிலிருந்து அதில் பொத்தான்தான் கிடக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்தார். பெட்டகத்தைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். “யாழ்ப்பாண வேலை அக்கா. மட்டக்களப்புப் பக்கம் இப்படிச் செய்ய ஆள் இருந்ததில்லை” என்றார். அவர் சொன்ன விலை நல்ல விலைதான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் கிடந்து குடைந்தது. இங்கே ஆள் இல்லையா? கொக்கட்டிச்சோலைக் கோயில் தேரை யார் செய்தார்கள், ஆகாயத்திலிருந்தா இறங்கியது?

அன்றிரவு மூடியை நிமிர்த்தி வைத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். உட்பக்கம், பூட்டை ஒட்டி, எண்ணெய் அழுக்கு மண்டிய கோடுகள் தெரிந்தன. நீலத் தையல் சோக்கைத் தூளாக்கித் தடவி, பஞ்சால் மெல்லத் துடைத்தேன். எழுத்து எழும்பி வந்தது. புள்ளி ஒன்றும் இல்லை. உள்ளது உள்ளபடி இதுதான்:

காவெடடி தசச ○ பன பிலவ

வட்டம் போட்ட இடத்தில் பூட்டுக்காகத் துளை போட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த யாரோ சரியாகப் பெயரின் மேலேயே துளைத்திருக்கிறார். ‘பிலவ’வுக்குப் பிறகு பலகை வெடித்துக் கிடக்கிறது. ஆக, காவெட்டித் தச்சன், ஏதோ ஒரு ‘...ப்பன்’. அவ்வளவுதான் மிச்சம்.

ஊர் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். காவெட்டி எங்கேயும் இல்லை. போனில் வரைபடத்தில் தேடினால் காவத்தமுனை வருகிறது. அங்கே பழக்கமான ஒருவரிடம் கேட்டேன், “எங்கட ஊர்ப் பேரை இப்படிக் கொல்லாதீங்க” என்றார். ஓர் அரச அலுவலகத்துக்கும் போனேன். படிவம் தந்தார்கள். ‘கோரிக்கைக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘பெட்டகம்’ என்று எழுதினேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் அதைப் பக்கத்து மேசைக்குக் காட்டிச் சிரித்தார். படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

யாருக்காவது இந்த ஊர் தெரியுமா?

பட்டிப்பளையாறு:

தங்கச்சி, கல்லோயாத் திட்டத்தில் போன ஊராக இருக்கலாம். கல்லோயா என்று இன்று சொல்கிறோமே, அதற்குத் தமிழில் பட்டிப்பளை ஆறு என்றுதான் பெயர். 1949இல் அபிவிருத்திச் சபை வந்து, இங்கினியாகலையில் அணை கட்டி, காடு வெட்டி, குடியேற்றங்களுக்கு ஒன்று இரண்டு என்று இலக்கம் போட்டார்கள். இப்போதும் சனம் ‘4ஆம் கொலனி’, ‘12ஆம் கொலனி’ என்றுதான் சொல்லும். அதற்கு முதல் அந்த இடங்களுக்கு மடு, வெளி, வட்டை என்று ஆயிரம் பெயர் இருந்தது. எங்கள் அப்பா வயலுக்குப் போகும்போது சொன்ன பெயர்களில் பாதி இன்று எனக்கே எந்த இடம் என்று தெரியாது.

இன்னொன்று, அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. பழைய கடதாசி எதையும் மட்டக்களப்பு என்ற தலைப்பில்தான் தேட வேண்டும்.

ஏட்டுப்பூச்சி:

ஊரைத் தேடுவதற்கு முன் எழுத்தைச் சரியாக வாசித்தோமா என்று பார்ப்போம், பிள்ளை.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவன். ஓய்வுக்குப் பிறகு ஏட்டுச் சுவடிகளோடு கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏட்டில் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். அதனால் ‘தசசன’ என்று இருந்தால் தச்சன் என்று நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். ஆனால் இன்னொரு வில்லங்கம் உண்டு. பழைய எழுத்தில் ‘ர’வும் துணைக்காலும் ஒரே வடிவம். இரண்டையும் பிரித்து எழுதும் பழக்கம் பிறகு வந்தது. எகர ஏகாரம், ஒகர ஓகாரத்தையும் வடிவத்தில் பிரிக்க மாட்டார்கள், அதை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் திருத்தினார். அச்சில் இதெல்லாம் நிலைத்த பிறகும், ஏட்டில் எழுத்துப் படித்தவர்களின் கை பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. உங்கள் தச்சனும் அப்படிப் படித்தவர் போலத் தெரிகிறது.

ஆகவே ‘கா’ என்று நீங்கள் வாசித்தது ‘கர’வாக இருக்கலாம். காவெட்டி அல்ல, கரவெட்டி.

வருடத்துக்கு வருவோம். அறுபது வருடச் சுற்றில் பிலவ என்றும் உண்டு, பிலவங்க என்றும் உண்டு. பலகை வெடித்த இடத்தில் ‘ங்க’ இருந்ததா என்பதுதான் கேள்வி. பிலவ என்றால் 1841, 1901, 1961. பிலவங்க என்றால் 1847, 1907, 1967. சித்திரையில் தொடங்கி அடுத்த பங்குனி வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லியடிச் சந்தி:

கரவெட்டி! அது எங்கட ஊர் அக்கா. யாழ்ப்பாணத்து வடமராட்சி, நெல்லியடிக்குப் பக்கம். அந்தச் சாமான்காரர் சொன்னது சரிதான் போல. எங்கள் அப்பம்மா வீட்டிலும் இப்படி ஒரு பெட்டகம் இருந்தது. அது வேம்பு, கீழே சில்லு வைத்தது. இடப்பெயர்வில் எங்கே போனது என்று தெரியாது. உங்களுடையதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, படம் போடுங்கோ.

ஊசிநூல்:

சேர், நன்றி. போய்த் திரும்பவும் சோக்குத் தடவிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ‘கா’வின் கால் என்று நான் நினைத்த கோடு தனி எழுத்தாகத்தான் நிற்கிறது.

தம்பி, உங்களில் எனக்குக் கோபமில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், ‘கரவெட்டி’ என்று வாசித்ததும் மனம் விழுந்துவிட்டது. அந்த ஆள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டதே. இன்று இரண்டு சட்டைக்குக் கழுத்தைப் பிழையாக வெட்டிவிட்டேன்.

உளிச்சத்தம்:

தங்கச்சி, அவசரப்பட்டு அந்த ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். நான் மரவேலைக்காரன், களுவாஞ்சிக்குடி. எழுத்து எனக்குத் தெரியாது, மரம் தெரியும்.

முதலில் அடிப்பலகையின் வெளிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் நிறமாக, ஒரு வாசத்தோடு, நகம் ஏறாமல் இருந்தால் முதிரை. ஆறு பேர் தூக்கினார்கள் என்றபோதே முதிரை என்று நினைத்தேன். எங்கள் காட்டு மரம் அது. ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. முதிரை இங்கிருந்து கப்பலேறி எங்கெங்கோ போன மரம், யாழ்ப்பாணத்துக்குப் போகாதா?

இரண்டாவது, மூலையைப் பாருங்கள். பலகை முனைகள் விரலுக்குள் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போயிருக்கிறதா, ஆணியா? ஆணி என்றால் தலை உருண்டையா, தட்டி எடுத்த மாதிரிக் கோணலா?

மூன்றாவது, பெட்டகத்தை ஒருச்சாய்த்து அடியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை எல்லோரும் இழைப்பார்கள். தெரியாத பக்கத்தில், மரம் செதுக்குகிற வாய்ச்சி கொத்திய தழும்பு அப்படியே கிடக்கும். அந்தத் தழும்புதான் ஆளின் கையெழுத்து. நான் என் அப்பாவின் வேலையை இப்போதும் அடியைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அவர் இடக்கைக்காரர், கொத்து எல்லாம் வலமிருந்து சாயும்.

படுவான்கரையான்:

என்னகா இது, ஒருவரும் ஆற்றுக்கு அங்கால பார்க்கிறீங்க இல்லையே! ஆறு என்று நாங்கள் சொல்வது மட்டக்களப்பு வாவியைத்தான்.

கரவெட்டி இங்கேயும் இருக்கிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டினால் வவுணதீவு. அங்கால நாவற்காடு, ஈச்சந்தீவு, கன்னன்குடா, மகிழவட்டவான். அந்தப் பக்கத்தில்தான் எங்கள் கரவெட்டி. நான் பிறந்தது அதற்குப் பக்கத்து ஊர். வடமராட்சிக் கரவெட்டி பெரிய ஊர், பெயர் போன ஊர். இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வரும். எங்கள் கரவெட்டி வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கிழக்கே எழுவான்கரையில் இருக்கிற ஆக்களுக்கே அதைத் தெரியாது, உங்களுக்குத் தெரியாதது புதினமில்லை.

மறுகா, இன்னொரு விசயம். எல்லோரும் மரத்தையும் எழுத்தையும் பார்த்தீர்கள். பெட்டகம் யார் வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்கு. குடி, அதாவது குலவழி, தாய் வழியில். மாப்பிள்ளைதான் ஒரு பையோடு பெண் வீட்டுக்கு வருவார். பெட்டகம் பெண்ணுடைய பொருள், அது பெண்ணோடு நிற்கும். உங்களுக்கு வந்தது அம்மாவிடமிருந்து, அம்மாவுக்கு அவருடைய அம்மாவிடமிருந்து. அப்படியே மேலே ஏறிப் போங்கள். எந்த இடத்தில் பெட்டகம் ஆற்றைக் கடந்திருக்கிறதோ, அந்த இடத்தில் ஒரு பெண்ணும் கடந்திருக்கிறாள். எங்கள் வழமைப்படி அவள் கடந்திருக்கத் தேவையில்லை. அப்படிக் கடந்தாள் என்றால் அதற்கு ஒரு கதை இருக்கும். வீட்டில் வயதானவர்களிடம் கேளுங்கள். என்ன குடி என்றும் கேளுங்கள்.

ஊசிநூல்:

அண்ணன், குடிப் பெயரை இங்கே எழுதினால் அம்மா ஏசுவார். ஆனால் கேட்டேன்.

கேட்டது பெரியம்மாவிடம். 80 வயது, கோட்டைக்கல்லாற்றில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். “பெட்டகம் எந்த ஊர்?” என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் “அது எங்கட பெட்டகம்” என்றார். பிறகு படுவான்கரையான் அண்ணன் சொன்ன மாதிரி, “அம்மம்மாட அம்மா எந்த ஊர்?” என்று மாற்றிக் கேட்டேன். “ஆத்துக்கு அங்கால” என்றார். எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வது அந்த வார்த்தைதான். குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறினால் வருகிற மண்டூர்ப் பக்கத்தைச் சொல்கிறார்கள் என்றே நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். வாவிக்கு அங்கால எத்தனை ஊர் இருக்கிறது, ஒரு நாளும் கேட்டதில்லை.

“அங்கால எங்க பெரியம்மா?”

“கரவெட்டி.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் அந்த ஊரை இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

கதை இதுதான். அம்மம்மாவின் அம்மாவை நாங்கள் பூட்டி என்போம். பூட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்களாம். தாயின் தங்கச்சி ஒருத்தி அதற்கு முன்பே கல்லாற்றில் வந்து இருந்திருக்கிறார். அவர் பிள்ளையைக் கூட்டிவரப் போயிருக்கிறார். பிள்ளை பெட்டகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றதாம். இரண்டு தோணியைச் சேர்த்துக் கட்டி, நடுவில் பெட்டகத்தை வைத்து, அதன் மேல் பிள்ளையை இருத்திக் கொண்டுவந்தார்களாம். “துறையில நிண்ட சனம் எல்லாம் கலியாணம் வருகுதெண்டு பார்த்ததாம்” என்று பெரியம்மா சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பூட்டுக்குத் துளை போட்டது யார் என்றும் தெரிந்துவிட்டது. பெரியம்மாவின் அப்பா, அதாவது என் அம்மப்பா. 1978 நவம்பர் சூறாவளியில் தென்னை விழுந்து வீட்டின் கூரை போனது. காணி உறுதிகள், பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் பெட்டகத்துக்குள் இருந்ததால் தப்பின. அதற்குப் பிறகுதான் அவர் புதுப்பூட்டு வாங்கி வந்து துளைத்தாராம். “எழுத்து இருந்ததே பெரியம்மா?” என்றேன். “அது என்னவோ கீறல் எண்டுதான் அப்பா சொன்னவர்” என்றார். என்னத்தைச் சொல்ல. கடதாசியைக் காப்பாற்றப் போய் பெயரை அழித்திருக்கிறார்.

இனி உளிச்சத்தம் அண்ணனுக்கு. சுரண்டினேன், மஞ்சள்தான், நகம் உடைந்தது. மூலை விரல் கோத்த மாதிரிதான், ஒரு ஆணி கூட இல்லை. ஆணி இருப்பது அடிப்பலகையில் மட்டும், தலை கோணல். ஒருச்சாய்க்கக் கடைப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிவந்தேன். அடியில் நீங்கள் சொன்ன தழும்பு இருக்கிறது. மீன் செதில் மாதிரி, வரிசை வரிசையாக. கையால் தடவினால் ஓர் ஓட்டம் தெரிகிறது, அவர் எந்த இடத்தில் களைத்து நிறுத்தினார் என்பதுகூடத் தெரிகிற மாதிரி.

இன்னொன்றும் கிடைத்தது. அடியில் இரண்டு பலகை சேருகிற இடத்தில், மெழுகு மாதிரி ஏதோ வைத்து அடைத்த ஒரு சின்னக் குழி. ஊசியால் கிளறினேன். உள்ளே ஒரு செம்புச் சதம். புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கம் விக்ரோறியா மகாராணி, மறுபக்கம் மரம், 1901.

ஏட்டுப்பூச்சி:

நல்ல வேலை செய்தீர்கள், பிள்ளை. ஆனால் பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இனி வேண்டாம்.

1901 என்றவுடன் பிலவ வருடம் என்று எல்லோரும் துள்ளுவோம். பொருந்துகிறதுதான். மங்கலத்துக்கு அந்த வருடத்துப் புதுக்காசை வைத்து அடைத்தார் என்று நினைக்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் 1901ஆம் ஆண்டுக் காசு 1907இலும் மடியில் இருந்திருக்கும். காசு நமக்குச் சொல்வது ஒன்றுதான், பெட்டகம் 1901க்கு முந்தியது அல்ல. 1841உம் 1847உம் கழிந்தன. பூட்டியின் தாய் கலியாணத்துக்குச் செய்தது என்றால் 1961உம் 1967உம் கழிந்தன. மிச்சம் 1901, 1907 இரண்டும். பூட்டி பிறந்த வருடம் வீட்டில் யாருக்காவது தெரியுமா?

இரண்டாவது, பூட்டி கரவெட்டியிலிருந்து வந்தார் என்பதும், தச்சன் தன்னைக் கரவெட்டித் தச்சன் என்று எழுதினார் என்பதும் நன்றாக ஒட்டுகின்றன. வடமராட்சித் தச்சர் ஒருவர் இங்கே வந்து வேலை செய்து, தன் ஊர்ப் பெயரை வெட்டியிருக்கக் கூடாதா என்று யாராவது கேட்டால் என்ன பதில்? உள்ளூர்க்காரன் தன் ஊரிலேயே செய்த பொருளில் ஊர்ப் பெயரை ஏன் வெட்ட வேண்டும்?

படுவான்கரையான்:

சேர், அது வேறு ஊருக்குச் செய்து அனுப்புகிறவன் வெட்டுகிற வெட்டு. பத்து ஊருக்குப் பெட்டகம் செய்தால் ‘இது இன்ன ஊர்த் தச்சன் வேலை’ என்று தெரிய வேண்டாமா? சரி, வாதம் எதற்கு. தங்கச்சி, ஞாயிறு வாருங்கள். நான் கூட்டிப் போகிறேன். ஒரு வீட்டில் பெட்டகம் பார்த்த ஞாபகம் இருக்கிறது.

ஊசிநூல்:

போய் வந்தேன். மூன்று நாள் கழித்துத்தான் எழுத நேரம் கிடைத்தது, பள்ளிக்கூடச் சீருடைக் காலம்.

மகனோடு மோட்டார் சைக்கிளில் போனேன். வலையிறவுப் பாலத்தடியில் அண்ணன் காத்து நின்றார். வவுணதீவு தாண்டினதும் இரண்டு பக்கமும் வயல், கொக்கு, எருமை. எங்கள் கரையில் வீட்டு மதிலும் கடையும் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கே கண் போகிற தூரத்துக்கு ஒன்றும் மறைப்பதில்லை. பூட்டி இதையெல்லாம் விட்டுவிட்டுக் கல்லாற்றில் எப்படி இருந்தாவோ என்று நினைத்தேன்.

அண்ணன் சொன்ன வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். அவருடைய பெட்டகம் அறைக்குள் நெல் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. என்னுடையதைவிடச் சின்னது, 44 அங்குலம். எழுத்து இல்லை, மூடியின் உட்பக்கம் முழுவதும் தேடினேன். மனம் தளர்ந்துவிட்டது. அப்போதுதான் முகப்பைப் பார்த்தேன். அதே எட்டு இதழ்ப் பூ.

பூ ஒரே மாதிரி இருக்கலாம், எல்லாத் தச்சரும் பூ வெட்டுவார்கள், தெரியும். நான் பார்த்தது வேறு. கடையிலிருந்து ட்ரேசிங் தாள் கொண்டுபோயிருந்தேன். என் பெட்டகத்துப் பூவை முதல் நாளே அதில் பென்சிலால் எடுத்துவைத்திருந்தேன். அந்தத் தாளை ஆச்சியின் பூ மேல் வைத்தேன். எட்டு இதழும் கோட்டுக்குக் கோடு உட்கார்ந்தன. மேலிருந்து மூன்றாவது இதழில், நுனிக்குக் கொஞ்சம் கீழே, என் தாளில் ஒரு சின்ன உள்வாங்கல் இருக்கிறது. உளி தவறியது என்று நினைத்திருந்தேன். ஆச்சியின் பூவிலும் அதே இதழில், அதே இடத்தில், அதே உள்வாங்கல்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நாங்கள் அளவு அட்டை வெட்டி வைத்திருப்போம். என் கடையில் ஒரு கை அட்டை இருக்கிறது, பிள்ளை ஒன்று கடித்து ஓர் ஓரம் போய்விட்டது. அந்த அட்டையால் வெட்டின எல்லாச் சட்டைக் கையிலும் அந்தக் கடி இருக்கும், நான் பிறகு கத்தரிக்கோலால் சரிசெய்வேன். இந்தத் தச்சரும் பூவுக்கு ஓர் அச்சு வைத்திருந்திருக்கிறார். தகரமோ, தோலோ, பனையோலையோ. அதன் மூன்றாவது இதழ் நெளிந்திருக்கிறது. அவர் சரிசெய்யவில்லை. இரண்டு பெட்டகமும் ஒரே அச்சு, சேர். வேறொரு தச்சர் இந்தப் பூவைப் பார்த்து வெட்டியிருந்தால் நெளிவைத் திருத்தி வெட்டியிருப்பார்.

ஆச்சியின் பெட்டகம் ஊரை விட்டு வெளியே போனதே இல்லை. அவருடைய அம்மம்மாவுடையது, அதே வீட்டிலேயே தாய், மகள் என்று நின்றிருக்கிறது. யார் செய்தது என்று கேட்டேன். பெயர் தெரியாது என்றார். கொஞ்சம் யோசித்து, “தச்சன்ட வளவுதானே அது” என்று வேலிக்கு அங்கால காட்டினார். ஒரு புளியமரமும் மாட்டுப்பட்டியும் இருக்கிறது. வீடு இல்லை. அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோதும் வீடு இல்லையாம், பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. புளிக்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். மகன் படம் எடுத்தான், நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம்.

வரும்போது ஆச்சி ஒரு சட்டித் தயிர் தந்தார். “கல்லாத்துக்குப் போன பிள்ளைட ஆக்களா நீங்க” என்று மட்டும் கேட்டார். பூட்டி தோணியில் போன கதை அந்த வீட்டிலும் இருந்திருக்கிறது.

பூட்டி பிறந்த வருடம் தெரியவில்லை, சேர். பெரியம்மாவின் கணக்குப்படி அம்மம்மா பிறந்தது 1928. அம்மம்மா தலைப்பிள்ளை இல்லை, அவருக்கு முதல் இரண்டு பேர். நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

ஏட்டுப்பூச்சி:

அப்படியானால் 1901 பக்கம் தராசு சாய்கிறது. 1907இல்தான் தாயின் கலியாணம் என்றால், 1928இல் மூன்றாவது பிள்ளை பெறும்போது பூட்டிக்கு இருபதுதான் ஆகியிருக்கும். அந்தக் காலத்தில் அதுவும் நடக்காததல்ல, ஆகவே சாய்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பூ அச்சைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் இதை நான் கண்டிருக்க மாட்டேன். அந்தத் தாளின் படத்தைப் போடுங்கள், பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுங்கள். ‘நூலகம்’ என்கிற இணையத்தளம் மாதிரி ஓர் இடத்தில் சேர்த்துவைக்க வேண்டிய சாமான் இது.

நெல்லியடிச் சந்தி:

அக்கா, தோற்றதில் சந்தோசம். எங்கட ஊர்ப் பெயரில் இன்னொரு ஊர் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அப்பம்மா வீட்டுப் பெட்டகத்தில் பூ இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன், மயிலாம்.

ஊசிநூல்:

படம் போட்டிருக்கிறேன். அடிமட்டத்துக்குப் பதில் என் அளவு நாடாவை வைத்திருக்கிறேன், அங்குலப் பக்கம். பூவின் குறுக்களவு ஐந்தே கால். நெளிவு மேலிருந்து கடிகாரம் சுற்றுகிற பக்கமாக மூன்றாவது இதழில்.

படுவான்கரையில், எழுவான்கரையில், எங்கேயாவது உங்கள் வீட்டில் முதிரைப் பெட்டகம் இருந்தால் தயவுசெய்து இந்த இதழைப் பாருங்கள். இருந்தால் மூடியின் உட்பக்கத்தில் பூட்டை ஒட்டிச் சோக்குத் தடவுங்கள். உங்கள் அம்மப்பா வேறு இடத்தில் துளை போட்டிருக்கலாம்.

அந்தச் சாமான்காரர் நேற்றுத் திரும்ப வந்தார். இருபதினாயிரம் கூட்டித் தருகிறேன் என்றார். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.